சிக்னலும் ஒரு முறைத் தண்ணீர்தான்

ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த ஆண்டில் ‘முறை’ வைப்பார்கள். காலையிலிருந்து உச்சிப் பொழுது வரை மேலமடைக்கு, அதன் பிறகு பொழுது சாயும் வரை கீழமடைக்கு என்று கணக்கு இருக்கும். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் ஒருவர் மண்வெட்டியோடு போய் மடையைத் திறப்பார், அடைப்பார். அவர் பெரிய பண்ணைக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் அடைத்த மடையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. முறை வராத நேரத்தில் வரப்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பியவரை ஊர் லேசில் மன்னிக்காது. அவர் எடுத்தது கடைமடைக்காரரின் பயிர் என்று எல்லோருக்கும் தெரியும்.

நாற்சந்தியில் நிற்கும் சிக்னல் கம்பமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே தண்ணீர், இங்கே இடம். நான்கு சாலைகளும் வந்து சேரும் அந்த நடுச்சதுரத்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் போக முடியாது. அதனால் அதை விநாடிக் கணக்கில் பங்கு போட்டு, உங்களுக்கு இத்தனை, எதிர்த்திசைக்கு இத்தனை, நடந்து கடப்பவர்களுக்கு இத்தனை என்று முறை வைக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் சிக்னலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும். மீதிப் பாதியை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மஞ்சள் விளக்கு ஏன் வந்தது?

சாலை சிக்னல் ரயில்வேயிலிருந்து வந்தது. 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே முதல் சிக்னலை நட்டார்கள். அதை வடிவமைத்த ஜே. பி. நைட் ஒரு ரயில்வே பொறியாளர். பகலில் ரயில் கைகாட்டி போல இரண்டு கைகள், இரவில் சிவப்பும் பச்சையுமாகக் கேஸ் விளக்கு. அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்து, அதை இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் காயமடைந்தார். அத்தோடு அந்த முயற்சி நின்றது.

மின்சார சிக்னல் 1914 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வேலை செய்யத் தொடங்கியது. அதில் சிவப்பும் பச்சையும் மட்டுமே உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, விளக்கு மாறிய கணத்தில் நின்றுவிடாது. அதனால் நிறம் மாறப்போகிறது என்று எச்சரிக்க ஒரு ஒலிப்பானை வைத்தார்கள். அந்த எச்சரிக்கையையே ஒரு நிறமாக்கி, 1920-ல் டெட்ராய்ட் நகரப் போலீஸ் அதிகாரி வில்லியம் பாட்ஸ், நான்கு திசைக்கும் மூன்று நிறம் காட்டும் சிக்னலை நிறுவினார்.

ஆக, மஞ்சள் விளக்கு பிறந்ததே வேகத்தைக் குறைத்து நிற்பதற்கு அவகாசம் தரத்தான். நம் ஊரில் மஞ்சளைக் கண்டதும் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறோம். சிவப்பு விழுவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம். ஆனால் அந்த மஞ்சளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. மஞ்சளைப் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ 1 விநாடி ஆகும். அதற்குள்ளேயே 11 மீட்டர் போய்விட்டது. பிறகு, பின்னால் உட்கார்ந்திருப்பவர் குலுங்காதபடி சீராகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 18 மீட்டர் வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 30 மீட்டர். நகரச் சாலையில் மஞ்சள் பெரும்பாலும் 3 விநாடி எரியும். அந்த 3 விநாடியில் இதே வேகத்தில் 33 மீட்டர் கடக்கலாம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் விழும்போது நீங்கள் கோட்டிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் இருந்தால் பத்திரமாக நிற்க முடியும். அதைவிட நெருங்கிவிட்டிருந்தால், வேகத்தைக் கூட்டாமலே சிவப்பு விழுவதற்குள் கோட்டைக் கடந்துவிட முடியும். எந்த நிலையிலும் முறுக்க வேண்டிய தேவையே இல்லாதபடிதான் அந்த நேரம் வைக்கப்பட்டிருக்கிறது. நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும். நிற்க முடியாத அளவு நெருங்கிவிட்டவர் அதே வேகத்தில் போய்விட வேண்டும். மஞ்சளின் முழுப் பொருளும் இதுதான்.

வேகம் கூடினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் சீராக நிற்க 57 மீட்டர் அளவுக்கு வேண்டும். 3 விநாடியில் கடப்பதோ 50 மீட்டர். நடுவில் உள்ள அந்த ஏழு மீட்டரில் மாட்டிக்கொண்டவரால் ஒழுங்காக நிற்கவும் முடியாது, நேரத்துக்குள் கடக்கவும் முடியாது. பச்சையாகவே இருந்தாலும் சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். ரொம்ப நேரமாகப் பச்சை எரிந்துகொண்டிருந்தால், அது இப்போது மாறப்போகிறது என்று வைத்துக்கொண்டு காலைப் பிரேக்கின் மேல் தயாராக வைப்பது நல்ல பழக்கம்.

நிற்கும்போது கண்ணாடியையும் பாருங்கள். பின்னால் பேருந்தோ தண்ணீர் லாரியோ நெருங்கி வந்தால், சட்டென்று அடித்து நிறுத்துவதைவிட முன்கூட்டியே மெல்லப் பிரேக் பிடித்து, பின் விளக்கு எரிவதை அதன் ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும். மழை நாளில் இருசக்கர வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுத்தக் கோட்டுக்கு அருகில்தான் வண்டிகள் நின்று நின்று எண்ணெய் சொட்டியிருக்கும். ஜீப்ரா கிராசிங்கின் பெயின்ட்டும் நனைந்தால் வழுக்கும். அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது நல்லது.

கோட்டுக்கு இந்தப் பக்கம்

சிவப்பு விழுந்துவிட்டது. எங்கே நிற்பது? ஜீப்ரா கிராசிங்குக்கு முன்னால் சாலையின் குறுக்கே ஒற்றை வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். முன் சக்கரம் அதைத் தொடாமல் நிற்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? கார்கள் கோட்டில் நிற்கும். இருசக்கர வண்டிகள் இடுக்கில் நுழைந்து முன்னேறி ஜீப்ராவின் மேல் நிற்கும். அதற்கும் பிறகு வருபவர்கள் ஜீப்ராவைத் தாண்டி, சந்திப்பின் வாயிலில் இன்னொரு வரிசை போடுவார்கள். அந்த வரிசையில் பலருக்கு சிக்னல் விளக்கே தெரியாது. அது அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பின்னாலிருந்து ஹாரன் கேட்டால்தான் பச்சை விழுந்தது என்று தெரியும்.

அந்த ஜீப்ராவில் நடக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள். சாலைப் பொறியாளர்கள் ஒரு மனிதரின் நடை வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். 15 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவருக்கு 12, 13 விநாடி போதும். என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். கையில் மருந்துப் பையோடு அவர் விநாடிக்கு 80 சென்டிமீட்டர் நடந்தால் பெரிய விஷயம். அவருக்கு அதே சாலை 19 விநாடி. வழியில் நான்கு வண்டிகளின் முன் சக்கரங்களைச் சுற்றிப் போக வேண்டியிருந்தால்? நடுச்சாலையில் இருக்கும்போதே அவருடைய நேரம் முடிந்துவிடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், வெள்ளைக் கோலால் தட்டிக்கொண்டு வருபவருக்கும் அந்த இடுக்கில் வழியே கிடையாது.

சந்திப்பில் நடந்து கடப்பவர்தான் கடைமடைக்காரர். மேலே இருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. கோட்டுக்குப் பின்னால் நிற்பதால் நமக்கு இழப்பு மூன்று மீட்டர். அவருக்குக் கிடைப்பது ஒரு முழு வழி.

இடப்பக்கம் திரும்புபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. சிவப்பு எரியும்போதும் இடது பக்கம் போகலாம் என்பது எல்லா சந்திப்புக்கும் பொதுவான உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்று பலகை இருக்கும் இடத்தில், அல்லது இடப்பக்க அம்புக்குறி பச்சையாக எரியும்போதுதான் போகலாம். அப்போதும் நடப்பவருக்கு வழிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நேராகப் போகிறவர்கள் அந்த ஃப்ரீ லெஃப்ட் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதும் தவறு. எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பதைச் சந்திப்புக்கு வெகு முன்பே முடிவு செய்து, இண்டிகேட்டர் போட்டு, அந்த வரிசைக்கு வந்துவிட வேண்டும். இடது ஓரத்தில் நின்றுவிட்டு, பச்சை விழுந்ததும் எல்லோருக்கும் குறுக்காக வலப்பக்கம் வெட்டித் திரும்புவது விபத்தை அழைப்பதுதான். வரிசை தப்பிவிட்டால் நேராகப் போய் அடுத்த யூ-டர்னில் திரும்பி வாருங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பேருந்தின் இடப்பக்கம் நிற்காதீர்கள்

சிக்னலில் காத்திருக்கும் பேருந்துக்கும் நடைமேடைக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். ஸ்கூட்டர் நுழையும் அளவுதான். அதில் நுழைந்து முன்னால் போய்விடலாம் என்று தோன்றும். நகரத்தில் மிக ஆபத்தான இடங்களில் அதுவும் ஒன்று.

காரணம் இரண்டு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வண்டியின் இடது முன் மூலையை ஒட்டி, ஜன்னலின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் ஸ்கூட்டர் அவர் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் படாமல் போகலாம். அடுத்தது, நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். முன் பகுதி உங்களைத் தாண்டிப் போனதைப் பார்த்து நிம்மதி அடையும் நேரத்தில், பின் பகுதி நடைமேடையை நெருங்கி வரும். அப்போது ஒதுங்க இடம் இருக்காது. எனவே பேருந்து, லாரி, கான்கிரீட் கலவை வண்டி இவற்றுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். ஓட்டுநரின் முகத்தை அவருடைய பக்கக் கண்ணாடியில் நீங்கள் பார்க்க முடியவில்லை என்றால் அவராலும் உங்களைப் பார்க்க முடியாது.

பேருந்தில் வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘சிக்னல்ல இறங்கிக்கிறேன்’ என்று சிவப்பில் நிற்கும் பேருந்திலிருந்து குதிப்பதும், நிற்கிறதே என்று ஓடிவந்து ஏறுவதும் நம் நகரங்களில் அன்றாடக் காட்சி. அந்தக் கதவுக்கு வெளியே மேலே சொன்ன ஸ்கூட்டர் வந்துகொண்டிருக்கலாம். நிறுத்தம் வரை பொறுத்திருங்கள்.

காத்திருக்கும் ஒன்றரை நிமிடம்

நகரத்தில் ஒரு சிக்னலில் ஒன்று, ஒன்றரை நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் செய்யக் கூடியவையும் கூடாதவையும் சில உண்டு.

முதலாவது ஹாரன். பச்சை விழுந்த அதே கணத்தில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கிளம்பும். முன்னால் இருப்பவர் தூங்குகிறார் என்ற நினைப்பு. உண்மையில் வரிசை ஒரே நேரத்தில் நகர முடியாது. முதல் வண்டி பச்சையைப் பார்த்து, கியர் போட்டு நகர ஓரிரு விநாடி ஆகும். அது நகர்ந்து இடம் விட்டதும் இரண்டாவது வண்டி, பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடிக்குச் சற்று மேலே என்று வைத்தாலும், 15-வது வண்டிக்கு அசைவு வர 15 விநாடிக்கு மேல் ஆகிவிடும். நீங்கள் அங்கே இருந்தால் அந்தத் தாமதம் யாருடைய தவறும் இல்லை. ஹாரன் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதே 15 விநாடிதான்.

மும்பைப் போக்குவரத்துப் போலீசார் 2019 இறுதியில் இதற்காகவே ஒரு சோதனை செய்து, 2020 ஜனவரியில் அதன் வீடியோவை வெளியிட்டார்கள். சில சந்திப்புகளில் சிக்னல் கம்பத்தோடு ஒலி அளக்கும் கருவியை இணைத்தார்கள். ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அதிகம் அடித்தால் அதிகம் காத்திருக்க வேண்டியதுதான். தேவையின்றி ஹாரன் அடிப்பது சட்டப்படியும் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம் உண்டு.

இரண்டாவது, இன்ஜின். அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் அணைத்துவிடுங்கள். நின்ற இடத்தில் ஓடும் கார் இன்ஜின் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கும். பணத்தைவிட முக்கியமானது அந்தப் புகை எங்கே போகிறது என்பது. உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் அம்மாவுக்கு முன் நின்றுகொண்டு வரும் குழந்தையின் முகம், கார் சைலன்சருக்கு நேராக இருக்கிறது. 2020 அக்டோபரில் டெல்லி அரசு, சிவப்பு எரிந்தால் வண்டியை அணையுங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தியது. ஆனால் ஐந்து விநாடி முன்பாகவே மறுபடி ஸ்டார்ட் செய்து தயாராகிவிடுங்கள். பச்சை விழுந்த பிறகு கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தால் பின்னால் உள்ளவர்களின் நேரம் போகும்.

மூன்றாவது, கைபேசி. சிவப்பில்தானே நிற்கிறேன், ஒரு மெசேஜ் பார்த்துக்கொள்கிறேன் என்று எடுக்கிறோம். கண் திரையில் இருக்கும்போது பச்சை விழுகிறது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். பதறிப்போய், முன்னால் ஒரு பாட்டி கடந்துகொண்டிருப்பதைப் பார்க்காமலே கிளட்சை விடுகிறோம். நிற்கும் நேரம் ஓய்வு நேரம் என்றாலும், கண்ணுக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

நான்காவது, வெயில். சித்திரை, வைகாசியில் தார் கொதிக்கும்போது, கோட்டருகே நிற்காமல் இருபது முப்பது மீட்டர் பின்னால் ஒரு மர நிழலிலோ மேம்பாலத்தின் நிழலிலோ இருசக்கர வண்டிகள் கூடி நிற்பதைப் பார்க்கலாம். 2024 கோடையில் புதுச்சேரியில் சிக்னல்களுக்கு மேலே பச்சை நிற நிழல் வலையால் பந்தல் போட்டார்கள். அதைப் பார்த்து எல்லா ஊரும் ஏங்கியது. நிழலில் நிற்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வழியை அடைக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். முன்னால் காலியாக விட்ட இடத்தால் வரிசை பின்னால் நீண்டு, முந்தைய சந்திப்பையே அடைத்துவிடக் கூடும்.

பச்சை தருவது அனுமதி

ரயில் கைகாட்டியின் கை கீழே விழுந்தால் வழி கிடைத்தது என்று பொருள். சாலையிலும் ‘பச்சை விழுந்துடுச்சு’ என்கிறோம். ஆனால் ரயிலுக்கு முன்னால் தண்டவாளம் காலியாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் கைகாட்டி விழும். சாலையில் அப்படி யாரும் உறுதி செய்து தருவதில்லை. உங்கள் முறை வந்துவிட்டது என்று மட்டும்தான் விளக்கு சொல்கிறது. வழி காலியாக இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் சிவப்பு விழுந்ததும் மறுபக்கம் உடனே பச்சை விழுவதில்லை. முறையாக அமைத்த சிக்னல்களில், நடுவில் ஓரிரு விநாடி எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும். மஞ்சளில் நுழைந்தவர் வெளியேறுவதற்கான அவகாசம் அது. எதிர்ப்பக்கம் சிவப்பு விழுந்ததைப் பார்த்ததும் ‘நமக்கு வரப்போகிறது’ என்று கிளம்புபவர் அந்த அவகாசத்தைத் தின்றுவிடுகிறார். விநாடி காட்டும் பலகையில் 3, 2, 1 என்று வரும்போதே நகரத் தொடங்குபவரும் அதையேதான் செய்கிறார். மஞ்சளில் முறுக்கியவரும் பச்சைக்கு முன் கிளம்பியவரும் சந்திக்கும் இடம் அந்த நடுச்சதுரம். இருவரில் ஒருவர் பொறுத்திருந்தாலும் போதும், அந்த மோதல் நடக்காது. எனவே பச்சை விழுந்ததும் வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம் பார்த்து, கடந்துகொண்டிருக்கும் மனிதர் மறுகரை சேர்ந்துவிட்டாரா என்று பார்த்து, பிறகு நகருங்கள்.

பச்சை எரிந்தாலும் போகக் கூடாத ஒரு நேரம் உண்டு. சந்திப்புக்கு அந்தப் பக்கம் வண்டிகள் தேங்கி நின்றால், உள்ளே நுழையாதீர்கள். நுழைந்தால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் பச்சை முடிந்து குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது நீங்கள் அவர்கள் வழியில் நிற்பீர்கள். அவர்கள் அப்படியே உங்களைச் சுற்றி நுழைந்து அடைப்பார்கள். நான்கு சாலையும் பூட்டிக்கொள்ளும். சில சந்திப்புகளில் நடுச்சதுரத்தில் மஞ்சள் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போல வரைந்திருப்பது இதற்காகத்தான். வெளியேறும் வழி தெளிவாக இருந்தால் மட்டுமே அந்தக் கட்டத்துக்குள் நுழையலாம்.

இதில் எல்லோருக்கும் பொதுவான ஒரு நஷ்டம் இருக்கிறது. வரிசை நகரத் தொடங்கிய பின், ஒரு தடத்தில் ஏறத்தாழ 2 விநாடிக்கு ஒரு கார் சந்திப்பைக் கடக்கும். 30 விநாடிப் பச்சையில் முதல் 6 விநாடியைக் குறுக்கே மாட்டியவர்கள் எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு தடத்திலும் மூன்று கார்கள் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி மூன்று மூன்றாகச் சேர்ந்தால் மாலை ஏழு மணிக்கு அந்த வரிசை எவ்வளவு நீளும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முறை தவறி எடுத்த தண்ணீரின் கணக்கு இப்படித்தான் கடைசி ஆள் வரை போய்ச் சேரும்.

சைரன் கேட்டால்

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும் என்பது இன்று சிறுபிள்ளைக்கும் தெரியும். எப்படி வழிவிடுவது என்பதில்தான் குழப்பம். முதலில் பதறாதீர்கள். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். பச்சையாக இருந்தால் சந்திப்பைக் கடந்து, அந்தப் பக்கம் போய் இடது ஓரம் ஒதுங்குங்கள். சிவப்பாக இருந்தால் நிற்கும் வரிசைகள் இரு பக்கமும் நெருங்கி, நடுவில் வழி திறக்க வேண்டும். அதற்காகக் கோட்டைத் தாண்டிச் சில அடி நகர வேண்டியிருந்தால், ஜீப்ராவில் ஆள் இல்லை என்று பார்த்து மெல்ல நகரலாம். ஆனால் ஆம்புலன்சுக்கு இடம் விடுகிறேன் என்று சிவப்பில் சந்திப்பைப் பாய்ந்து கடக்காதீர்கள். குறுக்கே வருபவருக்கு உங்கள் காரணம் தெரியாது. ஓர் உயிரைக் காக்கப் போய் இன்னொரு ஆம்புலன்ஸ் தேவைப்படும் நிலை வரக் கூடாது. ஆம்புலன்சின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது அதைவிடப் பெரிய தவறு. வேண்டுமென்றே வழிவிடாமல் இருந்தால் 194ஈ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

விளக்கு அணைந்திருந்தால்

போலீஸ்காரர் நடுவில் நின்று கை காட்டினால், விளக்கு எந்த நிறத்தில் இருந்தாலும் அவர் கைதான் சட்டம். இரவில் மஞ்சள் மட்டும் விட்டு விட்டு எரிந்தால், வேகத்தைக் குறைத்து நான்கு பக்கமும் பார்த்துப் போகலாம் என்று பொருள். சிவப்பு விட்டு விட்டு எரிந்தால், முழுவதும் நின்று, பார்த்து, பிறகு போக வேண்டும். மின்சாரம் போய் விளக்கே இல்லாவிட்டால் வலப்பக்கமிருந்து வருபவருக்கு முதலில் வழி என்பது நம் சாலை விதி. பெரிய வண்டிக்கு முதல் வழி என்று எந்த விதியும் இல்லை. நடந்து கடப்பவர் இருந்தால் அவர் போகட்டும்.

அபராதமும் உயிரும்

சிவப்பு விளக்கைத் தாண்டுவது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆபத்தான ஓட்டுதல் என்ற 184-ஆம் பிரிவின் விளக்கத்துக்குள் வருகிறது. அதற்கு 6 மாதத்திலிருந்து 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்திருப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது.

அபராதத்தை நினைத்து நிற்பதும் நல்லதுதான். ஆனால் நினைக்க வேண்டிய எண்கள் வேறு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இங்கே நடக்கிறது. அது பல உயிர்களுக்குத் துணை. ஆனால் சந்திப்பில் ஒரு நிமிடம் நிற்பவருக்கு அந்த 48 மணி நேரம் தேவைப்படாமலே போகலாம்.

யாரும் இல்லாத சந்திப்பில்

இதையெல்லாம் ஒப்புக்கொள்பவர்களும் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘காலை ஐந்து மணி, ரோட்டில் ஈ காக்கை இல்லை. அப்பவும் சிவப்புல நிக்கணுமா?’

நிற்க வேண்டும். சாலை காலியாக இருக்கும் நேரத்தில்தான் வண்டிகள் மிக வேகமாக வரும். குறுக்குச் சாலையில் பால் வண்டி ஓட்டி வருபவருக்குப் பச்சை எரிகிறது. நாம் நிற்போம் என்று நம்பித்தான் அவர் வேகத்தைக் குறைக்காமல் வருகிறார். ஒளிரும் மேல்சட்டை போட்டுக்கொண்டு சாலையைக் கூட்டும் தூய்மைப் பணியாளரும் அந்த நம்பிக்கையில்தான் சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிகிறார். ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு வரும் உங்கள் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. போலீஸ்காரர் இல்லாத நேரத்தில் அப்பா என்ன செய்கிறார் என்பதைத்தான் அது பாடமாக எடுத்துக்கொள்ளும்.

முறை வைத்த ஊரில் இராத்திரி முழுவதும் மடையில் ஆள் காவல் இருப்பதில்லை. நீர்க்கட்டி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். அடைத்த மடை அடைத்தபடியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் கடைமடைக்காரர் தூங்குவார். விடியும்போது அவர் வயலுக்குத் தண்ணீர் வந்திருக்கும்.